காலியாக விட்ட நாலு கட்டம்

முன்வரிசையில் நடு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னபோதே எமீமாள் டீச்சருக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. பத்து வருஷமாகக் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால், மின்விசிறிக் காற்று எட்டாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து பழகியவள். தேவசித்தம் ஐயாவின் நினைவு இசைவிழா என்றால் அவளுக்கு அந்தத் தூண்தான். இந்த வருஷம் என்ன கரிசனம் பொங்கிற்றோ, கமிட்டிச் செயலாளர் கிளாட்சன் மண்டப வாசலிலேயே பிடித்துக்கொண்டான். "டீச்சர், இன்னைக்கு ஒங்களுக்குப் பொன்னாடை இருக்கு. பின்னால போய் ஒளிஞ்சிக்கிடக் கூடாது, இப்பமே சொல்லிட்டேன்." பொன்னாடையாம். முப்பத்தெட்டு வருஷம் கழித்து. கையில் விழா மலரையும் திணித்துவிட்டுப் போனான். வழவழவென்று தாள், அட்டையில் பியானோ முன்னால் ஐயா, எட்டாம் பக்கத்தில் இவள் பெயர்: 'ஐயாவுக்குப் பக்கம் திருப்பிக் கொடுத்த சகோதரி'. பக்கம் திருப்பினாளாம். திருப்பினாள்தான், இல்லையென்று யார் சொன்னது? திருப்பிய பக்கத்தில் இருந்த ஒவ்வொரு எழுத்தையும் எழுதியது யார் என்று போட மட்டும் மலரில் இடம் பத்தவில்லை போலிருக்கிறது. சரி, போகட்டும். இன்றைக்கு அதையெல்லாம் நினைப்பதில்லை என்று வீட்டைப் பூட்டும்போதே முடிவு செய்துவிட்டுத்தான் வந்தாள். இன்றைக்கு அவளுக்கு வேறு வேலை இருக்கிறது. நிகழ்ச்சியில் கடைசி உருப்படி, ஐயாவின் 'தேரிக்காட்டுத் துதி'. பியானோவில் வாசிக்கப்போகிறவள் இவளிடம் படித்த ஜெனிஷா. அவள் மேடை ஏறுவதற்கு முன்னால் அவள் காதில் நாலு கட்டம் சங்கீதத்தைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. கட்டத்துக்கு நாலு தட்டு, மொத்தம் பதினாறு தட்டு. எமீமாள் கைப்பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு, சும்மா ஒரு தடவை சரிபார்த்துவிடலாம் என்று கண்ணை மூடி மனசுக்குள் பாடினாள். சோ சோ லா சோ. மீ, ரே டோ. அப்புறம் டீ, டோ. அது நாலாவது கட்டம். மூன்றாவதைக் காணவில்லை.

காணவில்லையென்றால் எங்கே போகும்? மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுகிற கதைதான், பதறாமல் இருந்தால் தானாக வரும். மேடையில் ஆரம்ப ஜெபம் நடந்தது. எல்லோரும் தலை குனிந்தார்கள், இவளும் குனிந்தாள். சோ சோ லா சோ. மீ, ரே டோ. லா... லா இல்லை, அது கிறிஸ்துமஸுக்குப் பாடுகிற பாட்டு. ஃபா மீ ரே... சீ, அது ஞாயிறுப் பள்ளிப் பிள்ளைகள் கைதட்டிக் கத்துவது. ஆமென் என்று கூட்டம் முடித்தது. நாற்காலிகள் கிறீச்சிட்டன, பின்னால் யாரோ காராச்சேவுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள், வெளியே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. இந்தச் சத்தத்தில் யாருக்குத்தான் ஞாபகம் வரும்? காலையில் இருந்ததே. இருந்ததா? காலையில் ஜெனிஷாவிடம் "இருக்கு, நாலு கட்டமும் இருக்கு" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாளே தவிர, பாடிப் பார்க்கவில்லை. நேற்று? நேற்றுப் பாடவில்லை. ஒரு காலத்தில் குழாயடியில் குடம் நிறைகிறவரைக்கும் அதுதான், பள்ளிக்கூடம் போகிற பஸ்ஸில் அதுதான், புருஷன் வேதமுத்து பக்கத்தில் படுத்துத் தூங்கிய பிறகு அதுதான். கண்ணில் புரை எடுத்துக் கட்டுப்போட்டுக் கிடந்த நாலு நாளும் பாடினாள், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம்? போன வருஷம் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து பாடினாளே. பாடும்போது முன்வரிசையில் ஒரு கைக்குழந்தை அழுதது, எங்கேயோ இடறி மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள், அதற்குள் பதினாறு தட்டு முடிந்துவிட்டது. அப்படியானால் போன வருஷமே இல்லையா? பெட்டிக்குள் இருக்கிறது என்ற நம்பிக்கையில் பெட்டியைத் திறக்காமலே இருந்துவிட்டாளா, கிறுக்கச்சி?

வரவேற்புரை தொடங்கியது. இந்தத் தேறுதல்புரத்தின் பெயரை உலகம் அறியச் செய்தவர் என்றான் கிளாட்சன். உலகம் என்றால் தூத்துக்குடி வரைக்கும், அதற்கு அந்தப் பக்கம் யாருக்கு என்ன தெரியும்? ஆனாலும் ஊருக்கு ஐயா என்றால் உயிர், ஐயாவைவிட ஐயாவின் மௌனம் என்றால் உயிர். தேரிக்காட்டுத் துதியில் நடுவில் நாலு கட்டம் ஒன்றுமே கிடையாது. வாசிக்கிறவர் கையை எடுத்து மடியில் வைத்துவிடுவார். பதினாறு தட்டு மண்டபம் முழுக்க எழுந்து தலை குனிந்து நிற்கும். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, இரண்டாவது வருஷ விழாவில் யாரோ ஒருத்தர் எழுந்தார், மறு வருஷம் ஊரே எழுந்தது, இப்போது அது கட்டளை மாதிரி ஆகிவிட்டது. காலியான நாலு கட்டத்தை அச்சடித்துப் புத்தகக்குறி போட்டிருக்கிறார்கள். அதே நாலு கட்டத்தைப் போட்ட பனியனை மாட்டிக்கொண்டு இளவட்டங்கள் வாசலில் நிற்கிறார்கள். பஸ் நிலையத்தில் ஓர் ஆட்டோவுக்கு 'மௌனம்' என்று பெயர், அதன் ஹாரனைக் கேட்டால் செத்த பிணம் எழுந்து உட்காரும். சிரிக்கவும் மாட்டாமல் அழவும் மாட்டாமல் இவளும் பத்து வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எல்லோரும் எழுந்து நிற்கும்போது இவள் மட்டும் உட்கார்ந்திருப்பாள். கேட்டால் முட்டுவலி. உட்கார்ந்தபடி அந்தப் பதினாறு தட்டையும் மனசுக்குள் பாடி நிரப்பிக்கொள்வாள். அந்த மண்டபத்தில் மௌனம் இல்லாத ஒரே ஆள் அவள்தான். அங்கே என்ன சங்கீதம் இருந்தது என்று தெரிந்த ஒரே ஆளும் அவள்தான். கல்லறைக்குப் பூ கொண்டு போகிறவர்கள் போவது போலத்தான் அவள் விழாவுக்கு வந்துகொண்டிருந்தாள், ஐயாவுக்காக இல்லை.

விளக்கை அணைத்துத் திரையில் ஐயாவின் வாழ்க்கைப் படம் போட்டார்கள். வெள்ளைக்காரத் துரைசாணி விட்டுப்போன பியானோவைச் சிறு வயதில் காதால் கேட்டே கற்றுக்கொண்டார் என்று ஒரு குரல் சொன்னது. அதில் பொய் இல்லை. சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. ஐயாவுக்கு விரல் ஓடும், பேனா ஓடாது. வாசிப்பதை நிறுத்திவிட்டு எழுத உட்கார்ந்தால் வாசித்தது மறந்துபோகும். ஐந்து கோட்டில் முட்டை முட்டையாகப் போடுகிற எழுத்து அவருக்கு வராது. நம்முடைய பக்கத்துப் பாடகர் குழுக்களில் பழகிய சொல்ஃபா எழுத்து மட்டும் வாசிப்பார், டோ ரே மீ என்று எழுத்தை எழுத்தாகக் கட்டத்துக்குள் எழுதுவது. அதை எழுதத்தான் ஆசிரியப் பயிற்சியில் சொல்ஃபா படித்த எமீமாள். பள்ளிக்கூடம் விட்டதும் நாலு மணிக்கு ஐயா வீட்டுக்குப் போய், பியானோவுக்கு இடது பக்கம் முக்காலியில் உட்கார்ந்து, நோட்டைத் தொடையில் வைத்துக்கொள்வாள். அவர் வாசிக்க வாசிக்க எழுதுவாள். இரண்டு தடவை கேட்டால் எட்டுக் கட்டம் வரைக்கும் அவளுக்கு அப்படியே நிற்கும். ஒன்பது வருஷம். "ஏட்டி, எழுதிட்டியா?" என்பதைத் தவிர அவர் வேறு கேட்டதில்லை. சொல்ஃபாவில் இன்னொரு விசேஷம் உண்டு, இந்த ஊர் முழுக்க அதில்தான் ஏமாந்தது. ஐந்து கோட்டு எழுத்தில் சத்தமில்லாத இடத்துக்கும் ஒரு குறி போட வேண்டும். சொல்ஃபாவில் குறி கிடையாது. கட்டத்தைக் காலியாக விட்டால் அதுவே ஓய்வு. எழுதாமல் விட்டதற்கும் ஓய்வு என்று விட்டதற்கும் பார்வைக்கு வித்தியாசமே தெரியாது.

கெத்சியாவுக்கு அப்போது மூன்று வயது. கெத்சி என்று கூப்பிட்டால் வரமாட்டாள், கெத்சியா டீச்சர் என்று கூப்பிட வேண்டும், அம்மாவைப் பார்த்துப் படித்த சட்டம். அன்றைக்குக் காலையில் உடம்பு லேசாகச் சுட்டது. பாதி மாத்திரையைத் தேனில் குழைத்துக் கொடுத்து, பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். சாயங்காலம் நேரே வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. கோயிலில் அறுப்புப் பண்டிகைக்குப் பத்து நாள்தான் இருந்தது, ஐயா புதுசாக ஒன்று பிடித்து வைத்திருந்தார், அதை விட மனசில்லை. அந்த நாலு கட்டத்தை அவர் இரண்டு தடவை வாசித்தார். அதுவரைக்கும் கூட்டமும் முழக்கமுமாகப் போய்க்கொண்டிருந்தது அந்த இடத்தில் சட்டென்று தணிந்து, ஒற்றை விரலில், பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டுத் தள்ளி நின்று பாடுகிற குரலில் வந்தது. எமீமாள் பேனாவைக் கட்டத்தில் வைத்தாள். வாசலில் நிழல் தட்டியது. கோயில்குட்டி பொன்னுத்துரை, மணியடிக்கிறவர், மூச்சு இரைக்க நின்றார். "டீச்சர், பிள்ளைக்கு வலிப்பு வந்துட்டாம். ஒங்க வீட்டுக்காரரு சைக்கிள்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாரு. ஒங்களை ஒடனே வரச் சொன்னாவ." எழுந்தாள். சத்தியமாக எழுந்தாள். ஐயா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கை கட்டைமேல் இருந்தது. "தாயீ, ஒரே நிமிஷம். முடிவு வந்துட்டு. இப்ப விட்டா போயிரும். இதை மட்டும் எழுதிட்டுப் போ." என்று சொல்லிக்கொண்டே வாசிக்க ஆரம்பித்துவிட்டார். யாரும் அவளைக் கட்டிப்போடவில்லை. கதவைப் பூட்டவில்லை. அவள் உட்கார்ந்தாள். நடுவில் நாலு கட்டத்தை அப்புறம் நிரப்பிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, முடிவைப் பன்னிரண்டு கட்டம் எழுதினாள். பத்து நிமிஷம். பொன்னுத்துரை வாசலிலேயே தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஏன் உட்கார்ந்தாள்? முப்பத்தெட்டு வருஷமாக இந்தக் கேள்வியைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டாள். ஒன்பது வருஷப் பழக்கம், அவர் விரல் கட்டையில் விழுந்தால் இவள் விரல் காகிதத்தில் விழும் என்று ஒரு பதில் வைத்திருந்தாள். பெரியவர் சொல்லுக்கு எதிர்ச்சொல் சொல்லிப் பழக்கமில்லை என்று ஒன்று. வலிப்புத்தானே, நிறையப் பிள்ளைகளுக்கு வருவதுதானே என்று ஒன்று. எல்லாம் கோர்ட்டில் சொல்ல நன்றாக இருக்கும். உண்மை அதில்லை. உண்மை என்னவென்றால், அந்த முடிவு நன்றாக இருந்தது. அது எங்கே போய் நிற்கும் என்று கேட்க அவளுக்கு ஆசையாக இருந்தது. பாவி. பெற்ற பிள்ளை அங்கே கண் செருகிக் கிடக்க, இங்கே இவளுக்குச் சங்கீதத்தின் முடிவு தெரிய வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் வேதமுத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், சட்டையெல்லாம் பிள்ளை எடுத்த வாந்தி. நர்ஸம்மா வந்து தோளைப் பிடித்தாள். "இப்பத்தாம்மா. பத்து நிமிஷம் இருக்கும்." வேதமுத்து தலை நிமிராமல், "நடுவுல முழிச்சா. அம்மா எங்கன்னு ரெண்டு தடவை கேட்டா" என்றார். அதோடு சரி. அதற்கப்புறம் இருபத்தாறு வருஷம் உயிரோடு இருந்தார், அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடித்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். திரையில் இப்போது ஐயாவின் கைகளை மட்டும் பெரிதாகக் காட்டினார்கள், கூட்டம் உச்சுக் கொட்டியது. சோ சோ லா சோ. மீ, ரே டோ. மூன்றாவதில் கீழே இறங்குமா மேலே ஏறுமா? இறங்கும் என்றுதான் தோன்றியது. தொட்டில் பாட்டு இறங்கத்தானே செய்யும். இறங்கி எங்கே நிற்கும்?

ஐயாவைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடிந்தால் எவ்வளவு லேசாக இருக்கும். அடக்கத்துக்கு வந்தார், தேம்பித் தேம்பி அழுதார், கல்லறை மண்ணில் முழங்கால் போட்டு எழுந்திருக்க மாட்டாமல் இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தார். கக்கத்தில் நோட்டு. எமீமாள் சுவரில் சாய்ந்து கெத்சியின் கவுனை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஐயா நோட்டைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "எமீ, நடுவுல நாலு கட்டம் காலியா கெடக்கு. எனக்கு என்ன முட்டினாலும் வரமாட்டேங்கு. ஒனக்கு ஞாபகம் இருக்கா, தாயீ?" அவளுக்கு இருந்தது. நாலு கட்டமும், ஒரு எழுத்துப் பிசகாமல் இருந்தது. ஐந்து நாளாகக் காதுக்குள் வேறு ஒன்றுமே இல்லை. அவள் ஐயாவின் முகத்தை நேராகப் பார்த்து, "ஞாபகம் இல்ல ஐயா" என்றாள். வாழ்க்கையில் அவள் செய்த ஒரே பழிவாங்கல் அதுதான். ஓட்டையும் உடைசலுமாக நின்று அவமானப்படட்டும் என்று நினைத்தாள். ஆண்டவருக்கு அதில் வேறு வேடிக்கை இருந்தது. அறுப்புப் பண்டிகை அன்றைக்கு ஐயா அந்த இடத்துக்கு வந்ததும் கையை எடுத்து மடியில் வைத்தார். வேறு வழியில்லாத மனுஷன் பதினாறு தட்டை எண்ணிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு முடிவை வாசித்தார். கோயிலே அழுதது. நாகர்கோவிலில் இருந்து வந்திருந்த பெரிய பாட்டு வாத்தியார் ஒருவர் எழுந்துபோய் ஐயாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஐயா, அந்த மௌனத்தில் ஆண்டவரைக் கண்டேன் என்றார். ஐயா கூச்சப்பட்டார். முதல் வருஷம் கூச்சப்பட்டார், அப்புறம் பழகிவிட்டது. அது தனக்குக் கனவில் கிடைத்தது என்று ஒரு பேட்டியில் சொன்னார், ஊருக்கு வெளியே செம்மணல் தேரிக்காட்டில் காற்று நின்ற ஒரு மத்தியானத்தில் கிடைத்தது என்று இன்னொன்றில். எமீமாள் அந்த முக்காலிக்குத் திரும்பிப் போகவில்லை. எழுத ஆளில்லாமல் ஐயா அதற்குப் பிறகு புதுசாக ஒன்றும் செய்யவில்லை. அந்த மௌனத்துக்கு மேல் சொல்ல அவருக்கு ஒன்றுமில்லை என்று ஊர் அதற்கும் விளக்கம் சொன்னது.

பொன்னாடை. பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். எப்படி எழுந்தாள், எப்படி ஏறினாள் என்று தெரியாது, தோளில் சரிகை குத்தியது, கிளாட்சன் ஒலிபெருக்கியில் "பக்கம் திருப்பிய கரங்கள்" என்றான், கைதட்டினார்கள். படியிறங்கும்போது பக்கத்து அறைக் கதவிடுக்கில் ஜெனிஷா நின்று இவளைப் பார்த்துத் தலையசைத்தாள், சரிதானே என்று கேட்கிற மாதிரி. எமீமாளும் தலையசைத்துவிட்டாள். இந்தத் தலைக்கு அசைக்க மட்டும் தெரிகிறது. இந்த ஊரில் இத்தனை வருஷத்தில் கண்ணை வைத்துக்கொண்டு பார்த்தவள் இந்த ஒரு பெண்தான். இரண்டாம் வகுப்பில் இவளிடம் படித்தவள், சென்னையில் போய்ப் பியானோ படித்துவிட்டு வந்திருக்கிறாள். காலையில் வீட்டுக்கு வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கமிட்டி கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கும் துதி நோட்டைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு வந்ததைக் காட்டினாள். "டீச்சர், இது ஐயா கையெழுத்து இல்லை. என் ரெண்டாங்கிளாஸ் ரேங்க் கார்டு இன்னும் வீட்டுல இருக்கு. இது உங்க கையெழுத்து." விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். "அப்புறம் இதைப் பாருங்க. காலியா இருக்கிற முதல் கட்டத்துல ஒரு புள்ளி இருக்கு. கமிட்டியில கேட்டா கொசு எச்சம்ங்கிறாங்க. இது மைப்புள்ளி. பேனாவை வெச்சுட்டு எடுத்திருக்கீங்க. ஏதோ எழுத வந்தீங்க. என்னது டீச்சர்?" முப்பத்தெட்டு வருஷத்தில் ஒருத்தர் கேட்கவில்லையே, ஒருத்தர் கேட்கவில்லையே என்று இருந்த மனசு, கேட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. கெத்சியை, பொன்னுத்துரையை, பத்து நிமிஷத்தை, எல்லாவற்றையும் சொன்னாள். ஜெனிஷா அழுதாள். பிறகு, "நீங்க குடுத்தா இன்னைக்கே வாசிக்கிறேன் டீச்சர். யார்கிட்டயும் ஒண்ணும் சொல்ல வேண்டாம். எந்திரிச்சு நிக்கிறவங்க நிக்கட்டும், நான் கெத்சிக்கு வாசிக்கிறேன்" என்றாள். கெத்சிக்கு. வேதமுத்து போன பிறகு அந்தப் பெயரை இன்னொரு வாயால் கேட்டதே இன்றைக்குத்தான். ஒரே ஒரு சாயங்காலம் இந்த ஊர் இவள் பிள்ளையின் தலைமேல் ஏறி நின்று ஐயாவைக் கும்பிடாமல் இருக்கட்டும், ஒரே ஒரு சாயங்காலம். "மேடை ஏறுமுன்ன வா, சொல்லுதேன்" என்றாள். அப்போதே பாடியிருக்கலாம். அவ்வளவு காலம் காத்த பொருளை இன்னும் ஒரு பகல் தன்னோடு வைத்துக்கொள்ளலாம் என்ற நப்பாசை. அந்த நப்பாசையிலும் மண் விழுந்தது.

ஜெனிஷாவுக்கு முன்னால் சின்னப் பிள்ளைகளின் வாசிப்பு இரண்டு இருந்தது. அதைக் கேட்காமல் இருக்கக் காதைப் பொத்தவா முடியும்? ஒவ்வொரு சுரமும் வந்து இல்லாத இடத்தில் உட்காரப் பார்த்தது, இதுவா, இதுவா என்று கேட்டது. ரே டோ லா சோ? இல்லை. மீ மீ ரே? இல்லை. கெத்சியின் முகத்தை நினைத்தால் வருமோ என்று பார்த்தாள். முகம் வந்தது, கவுனின் மஞ்சள் வந்தது, தேன் ஒட்டிய உதடு வந்தது, கட்டம் வரவில்லை. ஐயாவின் அறையை நினைத்தாள். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்த பியானோவின் மணம், அவருடைய முழங்கை, வாசலில் நிழல், அத்தனையும் வந்தது. இரண்டு கட்டம் வாசித்துவிட்டு ஐயாவின் விரல் மூன்றாவதுக்குப் போகும் இடத்தில் பொன்னுத்துரை வந்து நின்றுகொண்டார். எத்தனை தடவை போனாலும் அங்கே அவர்தான் நிற்கிறார். பக்கத்தில் துணி உரசிற்று. ஜெனிஷா நாற்காலியோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள், வெள்ளைச் சேலை, உள்ளங்கையில் சின்னக் காகிதம், பேனா. "டீச்சர், இப்ப."

ஒரு கட்டம்தானே? நாலு தட்டு. செய்து கொடுத்துவிடலாம். ஒன்பது வருஷம் எழுதியவளுக்கு ஒரு கட்டம் செய்ய வராதா? இறங்கி வருகிற மாதிரி ஏதாவது நாலு எழுத்து, நாலாவதோடு போய்ச் சேர்ந்தால் போதும். உலகத்தில் ஒரு உயிருக்குத் தெரியாது. ஐயாவுக்கே தெரியாது. வாய் வரைக்கும் வந்தது, லா சோ ஃபா ரே என்று. பொருத்தமாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை. ஐயா கனவு என்றும் காற்று என்றும் சொல்லித் திரிந்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கெத்சிக்கு என்று வாசிக்கப்போகிற பெண்ணின் கையில் போலியைக் கொடுக்கவா? தெரிந்த மூன்று கட்டத்தை மட்டும் கொடுத்தால் அது இன்னொரு ஓட்டை, அதற்கும் இவர்கள் எழுந்து நிற்பார்கள். ஜெனிஷாவின் பேனா காகிதத்தில் காத்திருந்தது, முனை தொட்ட இடத்தில் ஒரு புள்ளி விழுந்திருந்தது. எமீமாள் அதைப் பார்த்துக்கொண்டே, "ஞாபகம் இல்லம்மா" என்றாள்.

ஜெனிஷா நிமிர்ந்து பார்த்தாள். காலையில் இருக்கு இருக்கு என்று சொன்ன வாய் அல்லவா. "நெஜமாவே இல்ல. மூணாவது கட்டம் போயிட்டு" என்றாள் எமீமாள், குரல் தனக்கே கேட்கவில்லை. ஜெனிஷாவின் கண்ணில் நீர் திரண்டது, இவள் கையைப் பிடித்து அழுத்தினாள். "புரியுது டீச்சர். குடுக்க மனசு வராது. அது உங்களோடயே இருக்கட்டும்." எழுந்து போய்விட்டாள். பிள்ளையைப் பறிகொடுத்த ஐந்தாம் நாள் சொன்ன பொய்யை ஐயா மறுபேச்சில்லாமல் நம்பினார். இன்றைக்கு உண்மையைச் சொன்னால் இந்தப் பெண் நம்பவில்லை. ஓடிப்போய்ச் சொல்லவா, மனசு வராமல் இல்லை, மூளையில் இல்லை என்று? எழுந்திருக்க நாற்காலிக் கையைப் பிடித்தாள். அதற்குள் மேடையில் ஜெனிஷா உட்கார்ந்து, கையைத் துடைத்துக்கொண்டு, தொடங்கிவிட்டாள்.

மதுரையிலிருந்து டெம்போவில் கொண்டுவந்து இறக்கிய பியானோ, நல்ல கனமான சத்தம். தேரிக்காட்டுத் துதி கூட்டமாகவும் முழக்கமாகவும் நடந்தது. ஒவ்வொரு கட்டமும் எமீமாளின் கையெழுத்தில் கண்முன் ஓடியது. இதோ பக்கத்தின் கடைசி வரி. இதோ திருப்ப வேண்டிய இடம். ஜெனிஷா கையை எடுத்து மடியில் வைத்தாள். மண்டபம் எழுந்தது, நானூறு நாற்காலி ஒன்றாகப் பின்னால் நகர்ந்தது, பிறகு சத்தமே இல்லை, எவனோ புண்ணியவான் ஜெனரேட்டரைக்கூட அந்த நேரம் பார்த்து நிறுத்திவிட்டான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. சோ சோ லா சோ. அது வந்தது. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. மீ, ரே டோ. அதுவும் வந்தது. ஒன்பது. எமீமாள் காத்திருந்தாள். பத்து. ஒன்றுமில்லை, பொன்னுத்துரைகூட இல்லை, வெறும் வெள்ளைக் காகிதம். பத்து வருஷத்தில் முதல் தடவையாக அந்த மௌனம் அவளுக்கும் கேட்டது. இவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தானா? இதற்காகவா அழுதார்கள்? பதினொன்று. முட்டி வலித்தது. நாற்காலிக் கையை ஊன்றிக்கொண்டு எமீமாள் டீச்சர் எழுந்தாள். ஊரோடு ஊராக, தோளில் பொன்னாடையோடு, தலையைக் குனிந்து நின்றாள். பின்வரிசையில் யாரோ ஒருத்தி, "பாத்தியா, டீச்சரே எந்திச்சுட்டாவ" என்று முணுமுணுத்தாள். பதினாலு, பதினைந்து, பதினாறு. கெத்சி எங்கேயும் இல்லை. ஜெனிஷாவின் கைகள் உயர்ந்து முடிவில் இறங்கின. அந்தப் பன்னிரண்டு கட்டத்தில் எமீமாளுக்கு ஓர் எழுத்துகூட மறந்திருக்கவில்லை.